அந்த மணியில் பாதிதான் என்னுடையது

பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை நீ புது வேலைக்கு லீட்ஸுக்குப் புறப்படுகிறாய். உன்னுடைய பெட்டிகளை அப்பா ஒவ்வொன்றாகக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். கயிறு தேவையில்லை என்று நீ சொல்லியும் அவர் கேட்கவில்லை. நேற்றுத் துவைத்த உடுப்புகளை உன் அறைக்குக் கொண்டுவந்தபோது, கட்டிலின் மேல் சட்டம் போட்ட ஒரு படம் கிடந்தது. இலக்குப் பார்த்துச் சுடுகிறவர்களுக்கான மாத இதழ் ஒன்றில் பல வருடங்களுக்கு முன் வந்த துண்டு அது. சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஓர் இரும்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில், சிரிக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே, பாதுகாப்பு மணியைக் கண்டுபிடித்த பெண் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. "புது ஒபிசில என்ர மேசைக்கு மேல மாட்டப்போறன் அம்மா. இந்த மெசின் விசர் உனக்கு எங்க இருந்து வந்தது எண்டு கேட்டால் காட்டலாம்," என்றாய். நான் உடுப்பை வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால், பாதியிலேயே என்னைக் கட்டிப்பிடித்து "பரவாயில்லை அம்மா" என்று நீ முடித்துவிடுவாய். இது அப்படி முடிக்கக்கூடிய கதையல்ல. அதனால் எழுதுகிறேன். படத்தை மாட்டுவதா விடுவதா என்பதை வாசித்த பிறகு நீயே முடிவுசெய்.

நான் அந்த வேலைக்குப் போனபோது உனக்குப் பதினொரு வயது. நாங்கள் ஹவுன்ஸ்லோவில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா விமான நிலையத்தில் பொதி ஏற்றும் ஷிப்டில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் பத்து வருடம் தராசுகளோடும் கண்ணாடிக் குழாய்களோடும் வாழ்ந்தவள் நான். இங்கே வந்து துப்புரவு வேலையும் தையல் வேலையும் செய்து பார்த்துவிட்டேன். ஒருநாள் வேலை தேடித் தரும் நிலையத்தின் பலகையில், நுணுக்கமாக நிறுக்கத் தெரிந்த ஆள் தேவை என்று ஓர் அட்டை தொங்கியது. எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட நடைத் தூரத்தில், கடைகளின் பின்புறச் சந்தில் இருந்த சின்னப் பட்டறை. முதலாளியின் பெயர் மிஸ்டர் டோசன். நீதான் அவருக்குத் 'தோசை மாமா' என்று பெயர் வைத்தாய். என்ன நிறுக்க வேண்டும் என்று கேட்டேன். வெடிமருந்து அளக்கும் கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

அப்பா அன்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "குண்டுக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து அதுக்கே சாமான் செய்யப்போறியோ?" என்றார். அடுத்த நாள் மிஸ்டர் டோசனிடமே கேட்டேன், இதை யார் வாங்குவார்கள் என்று. அவர் என்னை ஒரு சுடும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓய்வுபெற்ற தபால்காரர், பல் வைத்தியர், இரண்டு பள்ளி ஆசிரியைகள். எல்லோரும் காதை மூடிக்கொண்டு காகிதத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சுட்ட பிறகு குனிந்து வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கினார்கள். சன்னம் பறந்துவிடும், பித்தளைக் கோது மிஞ்சும். அதை எறியாமல் நேராக்கி, புது மருந்து நிரப்பி, புதுச் சன்னம் பொருத்தித் திரும்பப் பாவிப்பார்கள். அதற்கு மேசையில் பூட்டிவைக்கும் ஒரு கைப்பிடி இயந்திரம் வேண்டும். அதைத்தான் அந்தப் பட்டறை செய்தது. நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்: "கடதாசியைத்தான் சுடுகினம். அதுவும் வரிசையில நிண்டு." சுடுகிற துவக்கு என்ற சாமானை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் அந்தக் கைப்பிடியை இழுக்கும்போது ஐந்து வேலைகள் ஒன்றாக நடப்பதைப் பார்த்த கணத்திலேயே அந்த இயந்திரத்தை எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர்தான். மிஸ்டர் டோசன், நான், கடைசல் இயந்திரத்தில் நின்ற சேது. அந்த நாட்களில் நீ சேதுவை இரண்டு முறைதான் பார்த்திருப்பாய், மெலிந்த உயரமான ஆள், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில். கோயம்புத்தூர்க்காரர். அவர் பேசும் தமிழ் எனக்குப் புதிது, என்னுடையது அவருக்குப் புதிது. "ஓம்" என்று நான் சொன்னால், "என்னங்க்கா, சாமி கும்பிடுறீங்களா?" என்று கேட்பார். அவர் கை பட்டால் இரும்பு சொல்வழி கேட்கும். அது எனக்கு வாய்க்காத கை. எனக்கு வாய்த்தது கண். ஒரு நெல்மணியின் பாரத்தைவிடக் குறைந்த வித்தியாசத்தையும் தராசு சொல்லுமுன் நான் சொல்லிவிடுவேன்.

நாங்கள் செய்த இயந்திரம் எங்கள் மூளையில் பிறந்ததல்ல. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மிஸ்டர் டோசன் ஓர் அமெரிக்க இயந்திரத்தை வாங்கி, கழற்றி, ஒவ்வொரு துண்டாக அளந்து, அதைப் பார்த்துத்தான் தன்னுடையதைச் செய்தார். அந்த அமெரிக்கர்களின் காப்புரிமைக் காலம் முடிந்திருந்ததால் சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனாலும் கண்காட்சிகளில் யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "உங்களுடையதில் பச்சைப் பெயின்ட், அவ்வளவுதானே?" என்று சிரிப்பார்கள். அவர் முகம் சிவந்துவிடும். எங்களுக்கென்று ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்று போதும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, அந்தத் தபால்காரர் பட்டறைக்கு வந்தார். வலக்கை முழுக்கக் கட்டு. ஒரு கோதுக்குள் மருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறது. இயந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்து விட்ட இடத்தை மறந்து இன்னொரு தடவை இழுத்துவிட்டார். சுட்டபோது துப்பாக்கி கையிலேயே வெடித்துவிட்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மிஸ்டர் டோசன் எழுந்து நின்றார். அந்த மனிதர் கதிரையில் உட்கார்ந்தபடியே, "இயந்திரத்தில் பிழை இல்லை. பிழை என்னுடையது. ஆனால் அது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார். இரும்பு எப்படி வார்த்தை சொல்லும் என்று மிஸ்டர் டோசன் மெதுவாகக் கேட்டார். தெரியவில்லை என்றுவிட்டு அவர் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க நாங்கள் மூன்று பேருமே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் சேது தங்கையின் கலியாணத்துக்கு ஆறு வார லீவில் ஊருக்குப் போனார். அவர் போய் மூன்றாம் நாள், ஒரு சின்னத் திருகாணிச் சாவி தேடி அவருடைய மேசைக்குப் போனேன். மேசையில் ஒரு பழுப்புக் கடித உறை. அதன் முதுகில் பென்சில் படம். மருந்து விழுந்த கோதுக்குள் மேலிருந்து ஒரு மெல்லிய கம்பி இறங்குகிறது. மருந்து கூடுதலாக இருந்தால் கம்பி உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். மேலே நிற்கும் கம்பி ஒரு மணியைத் தட்டும். கம்பியும் மணியும் சேரும் இடத்தில் மட்டும் அவர் ஒன்றும் வரையாமல் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். நான் அந்த உறையை எடுக்கவில்லை. அதே இடத்தில் வைத்துவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன். ஆனால் பிள்ளை, பார்த்ததை எங்கே வைக்க முடியும்?

ஒரு கிழமைக்குள் அந்தக் கேள்விக்குறிக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்துத் தராசின் முள் நடுவில் நின்றால் நிறை சரி, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிழை. அதையே கம்பியின் தலையில் வைத்தேன். மருந்து கூடினாலும் மணி அடிக்கும், குறைந்தாலும் அடிக்கும், சரியாக இருந்தால் மட்டும் பேசாது. குறைந்தாலும் ஆபத்துத்தான், சன்னம் குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதைச் சேது யோசித்திருக்கவில்லை. உன்னுடைய பழைய சைக்கிளின் மணியைக் கழற்றிக்கொண்டு போனேன். நீ இரண்டு நாள் என்னோடு கோபம். மிஸ்டர் டோசன் கைப்பிடியை இழுத்தார். மணி அடித்தது. அவர் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டு, "இது யாருடைய யோசனை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் நேரம் இருந்தது. யோசித்துப் பார்க்கவும் இடம் இருந்தது. என்னுடையது என்றேன்.

பாதி என்னுடையது என்பதுதான் அந்தப் பொய்யை அவ்வளவு எளிதாக்கியது. முழுவதும் களவென்றால் என் நாக்கு எழுந்திருக்காது. சரியாக வேலை செய்யும் பாதி என்னுடையது, ஆகவே முழுவதுமே என்னுடையதுதான் என்று நானே எனக்கு வழக்குப் பேசி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். உன்னுடைய புது வேலையில் ஒவ்வொரு நாளும் இந்த இடம் வரும். ஒருவர் போட்ட கேள்விக்குறிக்கு நீ பதில் கண்டுபிடிப்பாய். அப்போது நினைவில் வை, கேள்வியைச் சரியான இடத்தில் போட்டதும் பாதி வேலைதான்.

சேது ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தார். இயந்திரத்தின் மேல் மணி மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் கோட்டைக் கழற்றாமலே கிட்டப் போனார். ஒருமுறை இழுத்தார். குனிந்து தராசு முள்ளைப் பார்த்தார். மிஸ்டர் டோசன் என் தோளில் தட்டி, காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது, கண்டுபிடித்தவர் இவர்தான் என்று பெருமையாகச் சொன்னார். சேது என்னைப் பார்க்கவில்லை. "நல்லா வந்திருக்குங்க்கா," என்றார். போய்க் கடைசல் இயந்திரத்தைப் போட்டார். அந்த உறை பிறகு மேசையில் இருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, கிழக்கு லண்டனில் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி விலகிப் போனார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தக் காலத்தில்தான் அந்த இதழ்க்காரர் வந்து படம் எடுத்தார். நீ அதை வெட்டிச் சுவரில் ஒட்டினாய், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வகுப்புக்கு முன் காட்டினாய். தபால்காரரும் வந்தார். மிஞ்சிய மூன்று விரலால் கைப்பிடியை இழுத்து, மணி அடித்ததும் இழுத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்தபோதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து, அந்த அமெரிக்கக் கொம்பனியிடமிருந்தே மிஸ்டர் டோசனுக்குக் கடிதம் வந்தது. எவர்களுடைய இயந்திரத்தைப் பார்த்து நாங்கள் செய்தோமோ, அவர்கள் எங்கள் மணியைத் தங்கள் இயந்திரங்களில் பொருத்த உரிமை கேட்கிறார்கள். மிஸ்டர் டோசன் பட்டறைக்குள் நடனமாடினார் என்றால் நீ நம்பமாட்டாய். அடுத்த வியாழக்கிழமை அவர்களுடைய ஆள் வருகிறார், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், முதன்முதல் நீங்கள் வரைந்த படத்தைக் கொண்டுவாருங்கள் என்று என்னிடம் சொன்னார். என்னிடம் முதல் படம் இல்லை. முதல் படம் ஒரு பழுப்பு உறையின் முதுகில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து புதிதாக ஒரு படம் வரையத் தொடங்கினேன். மூலையில் பழைய திகதி ஒன்றைப் போட்டேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பால் ஊற்றிக் குடித்தபடி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாய். "என்னம்மா, பழைய திகதி போட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டாய். முதல் வரைஞ்சது துலைஞ்சுபோச்சு, அதையேதான் திரும்ப வரையிறன் என்றேன். உனக்குப் பதினான்கு வயது. கொஞ்சமும் சந்தேகமில்லாமல், உதவி செய்யும் சந்தோசத்தோடு சொன்னாய்: "அப்ப பேப்பர் இவ்வளவு வெள்ளையா இருக்கக்கூடாது அம்மா. தேத்தண்ணியில தோய்ச்சுக் காயவைச்சால் பழசு மாதிரி வரும். ஹிஸ்டரி புரொஜெக்டுக்கு நாங்கள் அப்பிடித்தான் செய்தனாங்கள். ஊத்தட்டோ?" கேத்திலைப் போட்டும் விட்டாய்.

எனக்கு அந்த நிமிடம் போல வெட்கம் வாழ்க்கையில் வந்ததில்லை. வேண்டாம் பிள்ளை என்றேன். கேத்தில் கொதித்து நின்றது. நீ மாடிக்குப் போனதும் அந்தத் தாளை நாலாகக் கிழித்தேன். அன்றிரவு அப்பா ஷிப்டுக்குப் போக முதல் அவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை. "நாளைக்கு எனக்கு லீவு. நான் பிள்ளையைப் பார்க்கிறன், நீ போட்டு வா," என்றார். எங்கே போகவேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

ஹவுன்ஸ்லோவிலிருந்து அப்டன் பார்க் என்றால் லண்டனின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கல். ஹமர்ஸ்மித்தில் மாறி, ஒன்றரை மணித்தியாலம். சேது ஒரு துணிக்கடைக்கு மேல் இருந்தார். கதவைத் திறந்தவர் "வாங்க்கா" என்றார். அவருடைய மனைவி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் கோப்பியைத் தொடாமல் சொன்னேன்: "சேது, அந்த உறையை நான் பார்த்தனான். நீங்கள் ஊருக்குப் போயிருக்கேக்க. பார்த்துத்தான் செய்தனான். எல்லாரிட்டையும் என்ர எண்டு சொன்னனான்."

"தெரியுங்க்கா," என்றார். "வந்த அன்னிக்கே தெரிஞ்சுது. கம்பியோட நீளம் கூட நான் போட்ட அளவுதான். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசம் பார்த்தேன். அப்புறம் அந்த மணிச் சத்தம் கேக்கறப்பல்லாம் எனக்கு வேலை ஓடல."

மன்னியுங்கோ என்றேன். "நான் ஒண்ணும் மகான் இல்லீங்க," என்றார். அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். "இங்க உக்காந்து உங்களை எத்தனை திட்டு திட்டியிருக்கேன்னு இவளைக் கேளுங்க. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே! அந்த யோசனை என்னோடதுமில்லையே!" நான் விளங்காமல் பார்த்தேன். அவருடைய அப்பா ஒரு நெசவாலையில் தறி ஓட்டியவராம். தறியில் ஒவ்வொரு நூலும் ஒரு மெல்லிய தகட்டைத் தாங்கிக்கொண்டு ஓடும். நூல் அறுந்தால் தகடு கீழே விழும், விழுந்தால் தறி தானாக நின்றுவிடும். "ஆயிரம் நூல்ல எது அந்துச்சுன்னு மனுசன் பார்த்துட்டு இருக்க முடியுங்களா? அதான் தகடு பாத்துக்குது. அந்தத் தகட்டைத்தான் நான் கம்பியாக்கினேன். யார் முதல்ல அதைச் செஞ்சாங்களோ, அந்தப் புண்ணியவான் பேரு எங்கப்பனுக்கும் தெரியாது." பிறகு குரல் தாழ்ந்தது. "தறியில இருந்து நான் எடுத்ததும், தராசுல இருந்து நீங்க எடுத்ததும் ஒண்ணுதானுங்க. அதுல தப்பில்ல. என் மேசையில இருந்து எடுத்ததுதான் தப்பு."

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "என் பேரு வரணும். முதல்ல வரணும்," என்றார். ஓம் என்றேன். அவர் அந்த ஓமுக்குச் சிரிக்கவில்லை. ஆனால் கோப்பி ஆறிப்போச்சே என்று சொல்லி வேறு கோப்பி கொண்டுவரச் சொன்னார்.

திங்கட்கிழமை மிஸ்டர் டோசனிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினார். "மூன்று நாளில் அவர்கள் வருகிறார்கள். இப்போது போய் அது பொய், இது மெய் என்றால் எதைத்தான் நம்புவார்கள்? ஒப்பந்தம் முடியட்டும், பிறகு பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்." பிறகு என்பதில் நான் ஒன்றரை வருடம் இருந்து பார்த்துவிட்டேன், அதில் ஒன்றும் விளையாது என்று சொன்னேன். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு முன்னால் நானே சொல்வேன் என்றும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் காப்புரிமை முகவருக்குத் தொலைபேசி எடுத்தார்; கண்டுபிடித்தவரின் பெயரைத் திருத்த வழி இருக்கிறது, திருத்தாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து என்று அந்த மனிதர் சொன்ன பிறகுதான் அடங்கினார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை சேது தன்னுடைய கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்தவர் நரைத்த தலையோடு அமைதியான ஆள். நான் எழுந்து நின்று, என்னுடைய ஆங்கிலத்தில், எந்தப் பாதி யாருடையது என்று சொன்னேன். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. சேது தறியைப் பற்றிச் சொன்னார். வந்தவர் எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டார். தறித் தகட்டை வரைந்து காட்டச் சொல்லி, அந்தத் தாளையும் மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதங்களில் அவர்களுடைய கடிதம் வந்தது. மிகவும் பண்பான கடிதம். நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர்கள் பழைய தறிகளைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறார்கள். அதிலிருந்து மணிக்குப் பதிலாக ஒரு சின்ன விளக்கு எரியும்படி வேறு வழியில் தாங்களே ஒன்று செய்துவிட்டார்கள். எங்களிடம் உரிமை வாங்கவேண்டிய தேவை இனி இல்லை. மிஸ்டர் டோசன் கடிதத்தை என் மேசையில் எறிந்தார். "உண்மை சொன்னதற்கு இதுதான் பரிசு!" அன்று முழுக்கக் கதவுகளை அடித்துச் சாத்திக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலை நான் போனபோது, தான் முதன்முதல் கழற்றிப் பார்த்த அந்த அமெரிக்க இயந்திரத்தை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். "நான் அவர்களுடையதைப் பார்த்தேன், அவர்கள் என்னுடையதைப் பார்த்தார்கள். இதில் நான் எந்த முகத்தோடு அழுவது?" என்றார். பிறகு எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினார்.

காப்புரிமை இரண்டு பெயரில் வந்தது, சேதுவின் பெயர் முதலில். அந்தத் தாளின் பிரதியை நான் அவருக்கு அனுப்பினேன். எல்லோருக்கும் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்லவில்லை. உன் சுவரில் அந்தப் படம் இருந்தது. நீ அதைப் பார்த்துக்கொண்டுதான் கணக்குப் படித்தாய், பொறியியலுக்கு விண்ணப்பம் எழுதினாய். படத்தைக் கழற்றினால் உனக்குள் எதையாவது சேர்த்துக் கழற்றிவிடுவேனோ என்று பயந்தேன். அது உன்மேல் எனக்கிருந்த நம்பிக்கைக் குறைவு. இந்தக் கடிதத்தில் உண்மையாகவே மன்னிப்புக் கேட்பது அதற்குத்தான். மற்றதற்குக் கேட்கவேண்டியவரிடம் கேட்டுவிட்டேன்.

ஒப்பந்தம் போனதே, வருத்தமில்லையா என்று கேட்பாய். இல்லை. அன்று பொய்ப்படத்தைக் கொடுத்திருந்தால், கையெழுத்து விழுந்திருக்கும், நான் பெரிய ஆளாகியிருப்பேன், சேதுவின் முகத்தில் இன்றைக்கும் முழிக்க முடியாமல் இருந்திருப்பேன். கைத்துப்பாக்கிகளுக்குச் சட்டம் தடை போட்ட பிறகு மிஸ்டர் டோசனின் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இல்லாமல் போனார்கள். அவர் பட்டறையை மூடினார். மூடும் நாளில் சேதுவும் வந்திருந்தார். மருந்து அளக்கும் கருவியின் படங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "மருந்துக்குப் பதிலா மொளகாத்தூள் போட்டா?" என்று கேட்டார். நான் மிஸ்டர் டோசனிடம், இதை எடுத்து நாங்கள் மாற்றிச் செய்யலாமா என்று கேட்டேன். அவர் படங்கள் முழுவதையும் சுருட்டி என் கையில் தந்தார். அப்படித்தான் பிள்ளை, நீ பல்கலைக்கழகத்தில் இருந்த நேரம் நான் தினமும் அப்டன் பார்க்குக்குப் போய்வரத் தொடங்கியது. சரக்குத்தூளைச் சரியாக அளந்து பைக்குள் போடும் சின்ன இயந்திரம். இப்போது அந்த வீதியில் நாலு கடைகளில் ஓடுகிறது.

போன மாதம் நடந்ததையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் இரும்பு வேலை செய்யும் குலம் என்று ஓர் ஆள், என் வயதுதான் இருக்கும், ஒரு கடையில் எங்கள் இயந்திரத்துக்கு முன்னால் நின்று பற்றுச்சீட்டின் முதுகில் களவாகப் படம் கீறிக்கொண்டிருந்தார். கடைக்காரர் போன் எடுத்துச் சொன்னார். சேதுவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "விட்டுருவீங்களாக்கா?" என்றார். இருவரும் போனோம். எங்களைக் கண்டதும் அந்த மனிதர் தாளைப் பைக்குள் செருகினார். "அண்ணை, வெளியில பார்த்துக் கீறினால் பிழையாய்ப் போயிடும்," என்றேன். "பொறுங்கோ, திறந்து காட்டுறன். ஆனா எங்க பார்த்தனீங்கள் எண்டு ஆராவது கேட்டால், எங்கட பேரைச் சொல்லவேணும்." சேது என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரே திருகாணிச் சாவியை எடுத்து மூடியைக் கழற்றினார்.

இந்தக் கிழமை ஒரு புதுக் கடையில் குலத்தின் இயந்திரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். வாசலிலேயே அவர் நின்றார். கடைக்காரருக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்: "இது சேது எண்டவரும் இந்த அக்காவும் செய்ததைப் பார்த்துத்தான் செய்தனான். ஆனா அவையின்ரயைவிட இது திறம்." நாங்கள் கிட்டப் போய்ப் பார்த்தோம். தூள் கட்டிபடாமல் விழ உள்ளே ஏதோ செய்திருக்கிறார். எங்களுடையது மழைநாளில் அடைத்துக்கொள்ளும், இது அடைக்கவில்லை. உண்மையாகவே திறமாகத்தான் இருந்தது. சேது இயந்திரத்தைச் சுற்றி ஒருமுறை வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். பிறகு குலத்திடம் திரும்பி, "அண்ணே, மூடியைக் கொஞ்சம் கழட்டிப் பார்த்துக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

அன்புடன்,
அம்மா